கோடைக்கால ஆவணங்களும் ரோஹ்தாங்கின் வசந்தப் பனியும்

கடந்த ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் காலை ஏழரை மணியளவில், ரோஹ்தாங் கணவாய்க்குச் செல்லும் பழைய நடைபாதையில், மர்ஹி என்னும் இடத்துக்குச் சற்றுக் கீழே இடுப்பளவு பனியில் புதைந்து நின்றேன். வலது கால் எங்கோ ஆழத்தில் ஒரு பாறையிடுக்கில் சிக்கியிருந்தது. காலுக்கு அடியில் நீரோடும் ஓசை கேட்டது. எனக்கு முன்னால் பத்தடி தொலைவில் நின்றிருந்த முதியவர் ஊன்றுகோலைப் பனியில் மூன்று முறை குத்தி இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்று இது வழி இல்லை. திரும்புவோம்" என்றார். இன்னும் ஒரு கால் மணி நேரம் முயன்று பார்க்கலாமே என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. என்னைக் கைதூக்கி எடுத்துவிட்டுக் கீழ்நோக்கி நடக்கத் தொடங்கினார்.

இக்கட்டுரை அந்தத் தோல்வியைப் பற்றியதுதான். ஆனால் ஒரு தனிமனிதரின் மலைநடை தோற்றதை நண்பர்கள் இவ்வளவு நீளமாகப் படிக்க வேண்டியதில்லை. அன்று கீழிறங்கும்போது எழுந்த ஒரு கேள்வி, இமயமலைப் பகுதியின் வரலாற்றையும் மொழிகளையும் நாம் ஆவணப்படுத்திய முறை பற்றியதாக வளர்ந்தது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் இடத்தை அறிமுகம் செய்துவிடுகிறேன். இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆறு பாயும் குல்லு பள்ளத்தாக்கையும், அதற்கு வடக்கே சந்திரா, பாகா ஆறுகள் பாயும் லாஹுல் பகுதியையும் பிரிப்பது பீர் பஞ்சால் மலைத்தொடர். அத்தொடரைக் கடக்கும் வழி ரோஹ்தாங். உயரம் 3,978 மீட்டர். லாஹுலிலிருந்து வெளியேற வேறு வழிகளும் உண்டு. ஸ்பிதிக்குச் செல்லும் குன்சம் கணவாயும் லடாக்குக்குச் செல்லும் பாராலாச்சா கணவாயும் ரோஹ்தாங்கைவிட உயரமானவை. மேற்கே சந்திரபாகா ஆற்றின் செங்குத்தான பள்ளத்தாக்கு வழியாகப் பாங்கிக்குச் செல்லும் பாதையோ மிகக் கடினமானது. ஆகவே உப்புக்கும் தானியத்துக்கும் மருத்துவத்துக்கும் மேற்படிப்புக்கும் லாஹுல் மக்கள் நம்பியிருந்த முதன்மையான வாசல் ரோஹ்தாங்தான். அந்த வாசல் ஆண்டின் ஏறத்தாழப் பாதிக் காலம் பனியால் மூடிக்கிடக்கும்.

அப்பெயரைப் பற்றி ஒரு சொல். சுற்றுலா நூல்கள் எல்லாம் 'பிணக்குவியல்' என்று பொருள் தருகின்றன. திபெத்திய மொழியில் 'ரோ' என்பது பிணம். 'தங்' என்பது சமவெளி, திறந்த வெளி. இப்பகுப்பை ஏற்றுக்கொண்டாலும் 'பிணவெளி' என்றுதான் பொருள் வருமே தவிர, 'குவியல்' என்பதற்குச் சொல்லில் இடமில்லை. அது பின்னர் கதை சொன்னவர்கள் சேர்த்தது. இப்பகுப்பேகூட நாட்டார் சொற்பிறப்பாக இருக்கக்கூடும். எனினும் நாட்டார் சொற்பிறப்பும் ஒரு வரலாற்றுச் சான்றுதான். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்லாவிட்டாலும், அச்சொல்லைக் கேட்டவர்கள் எதை அஞ்சினார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது.

அந்த அச்சத்தின் நடுவேதான் ஆண்டுதோறும் மக்கள் வசந்தத்தில் ரோஹ்தாங்கை நடந்து கடந்தார்கள். குளிர்காலத்தைக் குல்லுவில் கழித்த குடும்பங்களும், வணிகர்களும், பள்ளி மாணவர்களும், உழவு தொடங்கும் முன் ஊர் சேர வேண்டியவர்களாய் இருந்தனர். லாஹுலில் பயிர்ப்பருவம் மிகக் குறுகியது. சாலை திறக்கும்வரை காத்திருந்தால் விதைப்பு பிந்திவிடும். விதைப்பு பிந்தினால் அறுவடைக்கு முன்பே அடுத்த பனி வந்துவிடும். ஆகவே மார்ச், ஏப்ரல் மாதங்களில், அதாவது பனி மிக ஆழமாகப் படிந்திருக்கும் நாள்களில், அவர்கள் நடந்தார்கள்.

இது அறிவுக்குப் பொருந்தாத துணிச்சல் போலத் தோன்றலாம். உண்மையில் இதற்குப் பின்னால் நுட்பமான கணக்கு ஒன்று இருக்கிறது. புதிதாக விழுந்த குளிர்காலப் பனி மாவு போன்றது. கால் வைத்தால் தாங்காது. வசந்தப் பனி அப்படியன்று. பகல் வெயிலில் அதன் மேற்பரப்பு உருகி, அந்த நீர் பனித்துகள்களுக்கிடையே இறங்குகிறது. வானம் தெளிவாக இருக்கும் இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை இழக்கிறது. இறங்கிய நீர் மீண்டும் உறைந்து துகள்களை ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டுகிறது. விடியலுக்கு முன் அதன்மேல் நடந்தால் கல்தளத்தில் நடப்பது போலிருக்கும். பாறைகளும் ஓடைகளும் புதர்களும் எல்லாம் பனிக்கு அடியில் மறைந்திருப்பதால், கோடையில் சுற்றிச் சுற்றிப் போகும் பாதையை விட்டு நேராகவே ஏறலாம். சுமையோடு வருபவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால் அந்தத் தளத்துக்கு ஆயுள் சில மணி நேரம்தான். வெயில் ஏறியதும் கட்டு தளர்கிறது. முதலில் கணுக்கால் புதையும், பிறகு முழங்கால், பிறகு தொடை. ஒவ்வோர் அடிக்கும் உடலைத் தூக்கி எடுக்க வேண்டியிருக்கும். நண்பகலை நெருங்கும்போது கணவாயில் காற்று வலுக்கும். ஈரப்பனி சரிவுகளிலிருந்து வழுக்கி இறங்கத் தொடங்கும். பாறைகளை ஒட்டிய இடங்களில் உள்ளே குழிவு விழுந்திருக்கும். ஓடைகளின்மேல் பனி வெறும் கூரையாக நிற்கும். அதிகாலை நான்கு மணிக்குச் சாலையாக இருந்த அதே பனி, பத்து மணிக்குப் பொறியாகிவிடுகிறது. இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. இரவில் மேகம் மூடியிருந்தால் பனியின் வெப்பம் வெளியேறாது. அப்போது அந்தத் தளமே உருவாகாது. எங்களுக்கு அன்று நேர்ந்தது அதுதான். கோத்தியிலிருந்து இரவு இரண்டரை மணிக்குப் புறப்பட்டபோது வானில் ஒரு விண்மீனும் இல்லை. முதியவர் அப்போதே வானத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அதன் பொருள் எனக்கு ஏழரை மணிக்குத்தான் விளங்கியது.

அவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாகா ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர், அறுபத்தெட்டு வயது, புனன் மொழி பேசுபவர். அம்மொழியில் பாட்டனாரைக் குறிக்கும் 'மேமே' என்ற சொல்லால்தான் அவரை அழைப்பேன். அவர் விரும்பியபடி பெயரைத் தவிர்க்கிறேன். 1970களின் தொடக்கத்தில், பதினான்கு வயதில், குல்லுவில் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஏப்ரலில் முதன்முறையாக நடந்து கணவாயைக் கடந்தார். அக்குழுவில் முன்னால் செல்லும் ஆண்கள் மாறி மாறி வழி மிதித்தார்களாம். முன்னால் மிதிப்பவர் களைத்ததும் ஒதுங்கி நிற்பார். வரிசை அவரைக் கடந்துபோகும். அவர் கடைசியில் சேர்ந்துகொள்வார். பின்னால் வருபவர்கள் முன்னவரின் அடிக்குழியிலேயே கால் வைக்க வேண்டும். சற்றும் விலகக் கூடாது. அம்முறை முதல் நாள் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள்; மூன்றாம் நாள்தான் கடந்தார்கள். "கடந்தவர்கள் எல்லோரும் திரும்பியவர்கள்தான்" என்று மேமே சொன்னார். "ஒருமுறையும் திரும்பாதவன் கடைசி முறை கடக்கவில்லை."

இங்கேதான் என் கேள்வி தொடங்குகிறது. இத்தகைய வசந்தகால நடைகள், திரும்பி வருதல்கள், மீண்டும் முயலுதல்கள் பல தலைமுறைகளாக நிகழ்ந்திருக்கின்றன. நம் ஆவணங்களில் அவை எங்கே?

ரோஹ்தாங் பற்றி வழக்கமாக எடுத்தாளப்படும் எழுத்துகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். வில்லியம் மூர்கிராஃப்ட்டும் ஜார்ஜ் டிரெபெக்கும் 1820-இல் இவ்வழியாக லடாக்குக்குச் சென்றார்கள். அவர்கள் கடந்தது பனி விலகிய பருவத்தில்; அவ்வாண்டு செப்டம்பரில் லே நகரை அடைந்தார்கள். அவர்களது பயணநூல் எச். எச். வில்சனின் பதிப்பில் 1841-இல் வெளிவந்தது. 1846-இல் லாஹுல் ஆங்கிலேயர் ஆட்சிக்குள் வந்தது. குல்லுவின் உதவி ஆணையராக இருந்த ஹார்கோர்ட், குல்லு, லாஹுல், ஸ்பிதி பகுதிகளைப் பற்றி 1871-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1863 அக்டோபரில் வைஸ்ராய் எல்ஜின் ரோஹ்தாங்கைக் கடந்து, சந்திரா ஆற்றின்மேல் கொடிகளாலும் சுள்ளிகளாலும் பின்னப்பட்ட தொங்குபாலத்தில் நடந்தார். உடல்நலம் குன்றி நவம்பர் 20 அன்று தர்மசாலாவில் இறந்தார். ஒரு வைஸ்ராயின் நடை ஆகையால் அது நூலுக்கு நூல் இடம்பெற்றுவிட்டது. அவருடைய கூடாரங்களையும் பெட்டிகளையும் சுமந்து அதே கணவாயைக் கடந்தவர்களின் பெயர்களைத் தேடினால் கிடைக்காது.

இவ்வெழுத்துகளில் ஒரு பொதுத்தன்மை புலப்படுகிறது. அதிகாரிகளின் சுற்றுப்பயணம் பனி விலகிய பின் தொடங்கி, பனி விழும் முன் முடிந்துவிடும். ஆகவே அவர்களது ஏடுகளில் ரோஹ்தாங்குக்கு இரண்டு நிலைகள் மட்டுமே உண்டு: திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது. லாஹுல் மக்களுக்கோ மூன்றாவது நிலை ஒன்று இருந்தது. குதிரைக்கும் அதிகாரிக்கும் மூடியிருக்கும் கணவாய், விடியலுக்கு முந்தைய சில மணி நேரம் கால்களுக்குத் திறந்திருக்கும். அந்த நிலையை எழுத யாரும் அங்கே இருக்கவில்லை. இவற்றைக் கோடைக்கால ஆவணங்கள் என்று அழைக்கலாம் என்று நினைக்கிறேன். அவை பொய் சொல்வதில்லை. ஆண்டின் ஒரு பாதியை மட்டும் சொல்கின்றன. படிக்கும் நாம் அதை முழு ஆண்டாக எடுத்துக்கொள்கிறோம்.

சுமை தூக்கியவர்களைப் பற்றி இன்னும் ஒரு குறிப்பு அவசியம். பேகார் எனப்பட்ட கட்டாய உழைப்பு இம்மலைப்பகுதிகளில் நெடுங்காலம் நிலவியது. அரசு அலுவலர்களின் சுமையை ஒரு தங்கலிலிருந்து அடுத்த தங்கலுக்குக் கொண்டுசேர்ப்பது ஊரார் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. 1920களின் தொடக்கத்தில் சிம்லா மலைப்பகுதியில் சத்யானந்த் ஸ்டோக்ஸ் இதற்கு எதிராகப் போராட்டம் நடத்தினார். மலைவழியின் வரலாறு எழுதும்போது 'பயணி' என்ற சொல்லை நாம் எளிதாகப் பயன்படுத்துகிறோம். ஒரு பயணி கடந்தார் என்று எழுதப்பட்ட ஒவ்வொரு முறையும், அவருக்கு முன்னால் வழி மிதித்தவர்களும் பின்னால் சுமை கொண்டுவந்தவர்களும் கடந்திருக்கிறார்கள். இலக்கணத்தில் அவர்கள் எழுவாய் ஆகவில்லை. பெரும்பாலும் வேற்றுமை உருபு ஏற்று, ஆட்களோடு, ஆட்களால் என்று வாக்கியத்தின் ஓரத்தில் நிற்கிறார்கள்.

இந்தக் கோடைக்கால ஆவணங்களுக்கு விலக்காகச் சிலர் உண்டு. 1850களில் கேலாங்கில் நிலையம் அமைத்த மொராவியன் சபையினர் ஆண்டு முழுவதும் அங்கேயே தங்கினார்கள். அவர்களுள் ஒருவரான ஹைன்ரிக் ஆகஸ்ட் யேஷ்கே 1857 முதல் 1868 வரை அங்கு வாழ்ந்து, 1881-இல் திபெத்திய–ஆங்கில அகராதியை வெளியிட்டார். மொழியியல் மாணவர்கள் இன்றும் அதைத் திறந்து பார்க்கிறோம். விழும் பனிக்கு 'கா-வா', மலைமேல் நிலைத்த பனிக்கு 'கங்', உறைந்த நீருக்கு 'க்யக்-பா' எனத் திபெத்தியம் வேறுபடுத்துவதை அதில் காணலாம். லாஹுலின் புகழ்பெற்ற பின்னல் காலுறைகளும் அந்நிலையத்தோடு தொடர்புடையவை. ஹைடே தம்பதியர் காலத்தில் பெண்களுக்குக் கம்பளிப் பின்னல் கற்றுத்தரப்பட்டது. இன்று அக்காலுறைகள் புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன. பனிக்காலத்தை அங்கேயே கழித்தவர்களின் கைகளில்தான் அகராதியும் காலுறையும் உருவாயின. ஆனால் யேஷ்கேயின் அகராதி திபெத்தியத்துக்கு உரியது. லாஹுலின் சொந்த மொழிகளான பட்டணி, தினன், புனன் ஆகியவற்றுக்கும், அங்குள்ள கைவினைச் சமூகத்தார் பேசும் இந்தோ-ஆரிய மொழிகளான சினாலி, லோஹாரி ஆகியவற்றுக்கும் அத்தகைய பேறு அன்று வாய்க்கவில்லை.

அவற்றுக்கு வாய்த்தது என்ன? கிரியர்சனின் இந்திய மொழியியல் கணக்கெடுப்பின் மூன்றாம் தொகுதி, முதற்பகுதி 1909-இல் வெளிவந்தது. ஸ்டென் கோனோ தொகுத்த அதில் பட்டணி, புனன் உள்ளிட்ட இம்மொழிகள் இடம்பெறுகின்றன. நம் துறையின் மாபெரும் உழைப்புகளுள் ஒன்று அது. அதன்மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. ஆனால் மலையிலிருந்து இறங்கிய அன்று மாலை, அக்கணக்கெடுப்பின் அடிப்படைச் சொற்பட்டியலை மீண்டும் ஒருமுறை வாசித்தேன். மொத்தம் 241 உருப்படிகள். எண்கள், இடப்பெயர்கள், உடலுறுப்புகள், உறவுகள், ஞாயிறு, திங்கள், விண்மீன், நெருப்பு, நீர், வீடு, குதிரை, பசு என்று போகிறது. கழுதை இருக்கிறது, அதற்கு அடுத்தபடியாக ஒட்டகம் இருக்கிறது. பனி இல்லை. மலையைக் குறிக்கும் சொல் ஒரு வாக்கியத்தில் வருகிறது: குன்றின் உச்சியில் ஒருவன் கால்நடை மேய்த்துக்கொண்டிருக்கிறான். அதாவது அந்த மலையிலும் கோடைதான்.

வடஇந்தியச் சமவெளியையும் தக்காணத்தையும் பாலைவனத்தையும் ஒரே பட்டியலால் அளக்க வேண்டியிருந்த திட்டம் அது; ஆகவே இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பின்னாளில் மோரிஸ் ஸ்வாதேஷ் 1952-இல் வெளியிட்ட ஏறத்தாழ 200 சொற்கள் கொண்ட பட்டியலில் பனி, பனிக்கட்டி இரண்டும் இருந்தன. அதை அவர் நூறாகச் சுருக்கியபோது இரண்டும் விழுந்துவிட்டன. உலகின் எல்லா மொழிகளுக்கும் பொதுவான கருத்துகளைத் தேடும்போது, வெப்பநாட்டு மொழிகளில் இல்லாத ஒன்றை நீக்குவது முறையானதே. எந்தப் பட்டியலையும் ஒரு நோக்கத்துக்காக உருவாக்குகிறோம். சிக்கல், அந்த நோக்கத்தை மறந்துவிட்டு அப்பட்டியலையே மொழி என்று எண்ணத் தொடங்கும்போதுதான் எழுகிறது.

நான் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இரண்டு ஆண்டுகள், இரண்டு கோடைகள் லாஹுலில் களப்பணி செய்தேன். ஜூனில் போவேன், ஆகஸ்டில் திரும்புவேன். விடுமுறையும் உதவித்தொகையும் அவ்வாறே அமைந்தன. நூறு சொற்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று பதிவு செய்தேன். என் தரவுத்தளத்தில் பனிக்கு எதிரே ஒரே ஒரு சொல் இருந்தது. அதுவும் பட்டியலுக்கு வெளியே நானாகக் கேட்டுச் சேர்த்தது. ஹார்கோர்ட்டின் காலத்து அதிகாரிகளைக் கோடைக்கால மனிதர்கள் என்று குறைசொல்வதற்கு முன் என் பயணச்சீட்டுகளை நான் பார்த்திருக்க வேண்டும்.

ஏப்ரலில் மேமேயுடன் நடந்த அந்த ஐந்து மணி நேரத்தில்தான் நிலைமை மாறியது. அவர் சொற்களை எனக்குச் சொல்லித்தரவில்லை. தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு நடந்தார். கோலைக் குத்திப் பார்த்தபோது ஒரு சொல். மேல்பரப்பு மட்டும் தாங்கி உள்ளே வெற்றிடமாக இருந்த இடத்தில் வேறொரு சொல். ஓடையின்மேல் கூரை போல நின்ற பனிக்கு இன்னொன்று. இரவில் உறையாமல் போன பனிக்கு மற்றொன்று. அவற்றுள் சில தனிச்சொற்கள், சில வினையெச்சத் தொடர்கள், சில வெறும் ஒலிக்குறிப்புகள் போலிருந்தன. எது எந்த வகை என்பதை அவருடைய ஊராருடன் உட்கார்ந்து சரிபார்க்கும்வரை அச்சொற்களை வெளியிடுவதாக இல்லை. அது அவர்களுக்கு நான் தந்திருக்கும் வாக்கு. ஒன்றை மட்டும் சொல்லலாம். கோடையில் ஒரு வீட்டின் முற்றத்தில் உட்கார்ந்து, "பனிக்கு உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டிருந்தால் இவற்றுள் ஒன்றுகூட வந்திருக்காது. உண்மையில் கேட்டேன், வரவில்லை.

இதைத் தமிழின் பக்கமிருந்தும் யோசித்துப் பார்த்தேன். நம் பெரும்பொழுதுகளுள் முன்பனி, பின்பனி என இரண்டு உண்டு. ஆனால் அந்தப் பனி புல்நுனியில் நிற்கும் துளி, காலையில் வயலை மூடும் மூட்டம். வானிலிருந்து வெண்மையாக விழுவதையும், ஏரியில் கட்டியாக உறைவதையும் அதே சொல்லை நீட்டி வெண்பனி, பனிக்கட்டி என்கிறோம். சித்திரை, வைகாசிக்கு நாம் இளவேனில் என்று பெயரிட்டிருக்கிறோம். ரோஹ்தாங்கில் அதே மாதங்களில் இடுப்பளவு பனி. இக்கட்டுரையை எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் 'பனி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஐந்தாறு பொருள்களைச் சுமக்க வைக்கிறேன். தமிழின் குறையாக இதை எண்ணவில்லை. ஈரமண், சேறு, சகதி, அளறு, களர் என்று மண்ணை நாம் பிரித்துப் பேசுவதை நினைத்துக்கொண்டால், ஒரு மொழி எதை நுணுக்கமாகப் பிரிக்கும் என்பது காலும் கையும் எதோடு மல்லுக்கட்டுகின்றன என்பதைப் பொறுத்தது என்று விளங்கும்.

வரலாறு பனியை ஒருமுறை தவிர்க்க முடியாமல் கவனித்தது. அதற்கு ஒரு போர் தேவைப்பட்டது. 1948 பிப்ரவரியில் லடாக் அச்சுறுத்தலுக்கு உள்ளானபோது, லே நகரைக் காக்கச் சிறு படை ஒன்றைச் சோஜி லா கணவாய் வழியாகக் குளிர்காலத்திலேயே அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கு முன்வந்தவர்கள் டோக்ரா படைப்பிரிவைச் சேர்ந்த பிரிதி சந்த், குஷால் சந்த் என்னும் லாஹுல்காரர்களும், அவர்களோடு சேர்ந்த ஏறத்தாழ நாற்பது தன்னார்வ வீரர்களும். மார்ச் 8 அன்று அவர்கள் லே சேர்ந்தார்கள். உடன் சென்ற பொறியாளர் சோனம் நோர்பு அங்கே விமானத் தளம் அமைத்தார். மே 24 அன்று முதல் டகோட்டா விமானம் அதில் இறங்கியது. பிரிதி சந்த், குஷால் சந்த் இருவரும் மகாவீர் சக்ரம் பெற்றார்கள். படை வரலாறுகள் அவர்களுடைய வீரத்தைப் போற்றுகின்றன, போற்றத்தக்கதே. ஆனால் பனி மூடிய கணவாய்களின் ஊரில் பிறந்து வளர்ந்த கால்களில் இருந்த அறிவு, அதாவது எந்தப் பனி தாங்கும், எப்போது நடக்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பது, வீரம் என்ற ஒரு சொல்லுக்குள் மறைந்துபோனது. விருதுச் சான்றிதழில் அறிவுக்கெனத் தனி இடம் கிடையாது.

இன்று அந்த அறிவுக்குத் தேவையே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. 2020 அக்டோபர் 3 அன்று, ரோஹ்தாங்குக்கு அடியில் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் நடந்து வருபவர்களுக்காக மர்ஹியிலும் கோக்ஸரிலும் மீட்பு முகாம்கள் அமைக்கப்படும். நோயாளிகள் ஹெலிகாப்டர் வரும் நாளுக்காகக் காத்திருப்பார்கள். இப்போது பேருந்தில் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறார்கள்.

இவ்விடத்தில் ஆராய்ச்சியாளர்களாகிய நமக்கு ஒரு சபலம் உண்டு: பழையது அழிகிறதே என்று வருந்துவது. அந்த வருத்தத்தோடு கீழிறங்கும் வழியில் மேமேயிடம் பேசத் தொடங்கினேன். அவர் நின்று திரும்பினார். அவருடைய அண்ணி ஒரு மார்ச் மாதத்தில், மகப்பேற்றின்போது, கணவாய் மூடியிருந்ததால் இறந்துபோனதைச் சொன்னார். "எனக்குச் சுரங்கம் வேண்டும். என் பேரப்பிள்ளைகள் இந்தப் பனியில் நடக்க வேண்டாம். நடந்தது எப்படி என்று எழுதி வைப்பது உன் வேலை. அதற்காக அவர்களை நடக்கச் சொல்லாதே." பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. அன்று பிற்பகல் கோத்தியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, எதிர்ச்சரிவிலிருந்து பனி சரியும் ஓசை பள்ளத்தாக்கு முழுவதும் கேட்டது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆகவே என் முடிவு எளிமையானது; புலம்பலுக்கு அதில் இடமில்லை. களப்பணிக்குச் செல்லும் மாணவ நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, நீங்கள் சேகரிக்கும் ஒவ்வொரு தரவுக்கும் அருகில் மாதத்தைக் குறியுங்கள். பேசுநரின் வயதையும் ஊரையும் எழுதும் நாம் பருவத்தை எழுதுவதில்லை. எந்த மாதத்தில் கேட்டோம் என்பது எதைக் கேட்க முடிந்தது என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது, ஆவணக் காப்பகத்தில் ஒரு பயணக்குறிப்பைப் படிக்கும்போது, அதை எழுதியவர் அந்த இடத்தில் எந்த மாதங்களில் இல்லை என்று கேளுங்கள். அவர் இல்லாத மாதங்களில்தான் அங்குள்ளவர்களின் வாழ்வில் பாதி கழிந்திருக்கிறது. மூன்றாவது, உங்கள் தோல்வியுற்ற பயணங்களையும் எழுதுங்கள். சென்றடைந்த ஊர்களைப் பற்றித்தான் ஆய்வேட்டில் அத்தியாயம் இருக்கும். பாதி வழியில் திரும்பிய நாள் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. எனக்கு மிகுந்த தரவு தந்த நாள் அதுவாக இருந்தும், நெறியாளருக்கு அனுப்பிய முதல் அறிக்கையில் 'வானிலை காரணமாகப் பணி நடைபெறவில்லை' என்றுதான் எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்துத் திருத்தினேன்.

வரும் மார்ச்சில் சுரங்கத்தின் வழியாகப் பேருந்தில் லாஹுல் செல்கிறேன். விதைப்பு முடியும்வரை அங்கேயே தங்குவதாகத் திட்டம். கேள்விப்பட்டியலில் இப்போது பனிக்கென்று இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. அப்பக்கங்களைக் காட்டியபோது மேமே சிரித்தார். காகிதத்தில் கேட்டால் வராது, விடியலுக்கு முன் எழுந்து வெளியே வந்து நில் என்றார்.